மறுமுனைக்காரரின் கையில் இருக்கும் வாட்ச்

அந்த மின்னஞ்சல் செய்யச் சொன்ன இரண்டாவது வேலையை நான் செய்யாமல் விட்டிருந்தால், என் மகள் அன்றைக்குப் பதினெட்டு நிமிடம் வெட்டி இழுத்துக்கொண்டு கிடந்திருப்பாளா?

இதை டாக்டரிடம் கேட்டேன். "நடந்தத விடுங்கம்மா, அடுத்த தடவ சீக்கிரம் கொண்டு வாங்க" என்றார். அடுத்த தடவை என்று ஒன்று உண்டு என்பதுதான் அந்தப் பதிலில் எனக்குக் கிடைத்தது.

நாங்கள் இருப்பது மலேசியாவின் கேமரன் மலையில், கம்போங் ராஜாவுக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். என் கணவர் மெஷின் வெட்டுக்காரர். சுற்றுலா வருகிறவர்கள் இன்னும் முதுகில் கூடை கட்டிய பெண்களைத் தேடுகிறார்கள். எங்கள் மலையில் கொழுந்தை இரண்டிரண்டு ஆண்கள் வெட்டுகிறார்கள். தேயிலை நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் நீளமான மெஷின், பின்னால் காற்றில் உப்பிக்கொண்டு வரும் கொழுந்துப் பை. ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்க வேண்டும். ஒருவர் கையை எடுத்தால் கத்தி சாய்ந்துவிடும். இருவர் காதிலும் அடைப்பான் இருக்கும். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. கைப்பேசி பிளாஸ்டிக் பையில் சுற்றப்பட்டு மழைக்கோட்டுக்குள் கிடக்கும். மெஷினே உடம்பு முழுவதையும் ஆட்டிக்கொண்டிருக்கும்போது அது அதிர்வதெல்லாம் யாருக்குத் தெரியும்?

என் மகளுக்கு மூன்று வயது. ஒன்றரை வயதிலிருந்து, காய்ச்சல் திடீரென்று ஏறினால் வலிப்பு வந்துவிடுகிறது. ஐந்து நிமிடத்துக்குள் நின்றால் பயமில்லை, தாண்டினால் காத்திருக்காமல் கொண்டு வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி இருக்கும் தானா ராத்தாவுக்கு எங்கள் வாசலிலிருந்து முக்கால் மணி நேரம். விடுமுறை நாள் என்றால் வழியில் கியா பார்ம் சந்தை நெரிசலில் எவ்வளவு என்று சொல்ல முடியாது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அது ஏறி வந்து இறங்க இரண்டு மடங்கு ஆகும். வீட்டில் ஒரு பழைய கார் நிற்கிறது. அதை ஓட்டுகிறவர் மலையில் மெஷின் பிடித்துக்கொண்டிருக்கிறார். "நீ லைசென்ஸ் எடுத்துக்க வேண்டியதுதானே?" என்று என்னைக் கேட்காதவர்கள் இந்த லைனில் இல்லை. எடுக்கிறேன். வெட்டி இழுக்கும் பிள்ளையை எங்கே படுக்க வைத்துக்கொண்டு அந்த வளைவுகளில் ஓட்டுவது என்பதையும் அவர்களே சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும்.

ஆக, என் வாழ்க்கையில் ஒரே ஒரு காரியம் நடந்தால் போதும். பிள்ளைக்கு வலிப்பு வந்தால் அது மலையில் இருப்பவருக்கு உடனே தெரிய வேண்டும். அதை அந்த வாட்ச் செய்துகொண்டிருந்தது.

வாங்கியது நான் இல்லை. என் கணவரும், மெஷினின் மறுமுனையைப் பிடிக்கும் அண்ணனும் ஈப்போவுக்குப் போனபோது ஆளுக்கொன்று வாங்கி வந்தார்கள். பூட்ஸ் வாங்கினாலும் அந்த இருவரும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். என் கணவருக்கு அவர் மச்சான். எங்களுக்கு மூன்றாவது வீடு. வாட்ச் பார்க்க லட்சணமாகக்கூட இருக்காது. தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி ஒரு கறுப்புத் துண்டு, பக்கவாட்டில் நான்கு பொத்தான்கள். "இந்த மூஞ்சிக்கு இதுவா?" என்று நானே கேலி செய்தேன். ஆனால் ஈரக் கையுறையோடு அமுக்கினாலும் பொத்தான் வேலை செய்யும். ஒருமுறை சார்ஜ் போட்டால் ஒரு வாரம் நிற்கும். அது அதிர்ந்தால் மணிக்கட்டில் குளவி கொட்டுவதுபோல இருக்கும் என்பார் அவர், மெஷின் ஓடும்போதும்.

நான் "பாப்பா" என்று ஒரே வார்த்தை அனுப்புவேன். அது கோட்டுக்குள் இருக்கும் கைப்பேசிக்குப் போய், அங்கிருந்து மூன்று நீளமான அதிர்வாக அவர் மணிக்கட்டில் விழும். மூன்று முறை அப்படி நடந்தது. மூன்று முறையும் என் பிள்ளைக்கு வலிப்பு நிற்பதற்கும் அவர் மலையிலிருந்து ஓடி வந்து வாசலில் நிற்பதற்கும் சரியாக இருந்தது. ஒருமுறை பனி மூட்டத்தில் வாசல் பந்தல்கூடத் தெரியவில்லை. அப்போதும் வந்துவிட்டார்.

பிறகுதான் அந்த மின்னஞ்சல் வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கடிதம் என்றால் அது உத்தரவு. என் அப்பா முத்திரை போட்ட எந்தத் தாளையும் பிரிக்காமல் தோட்டத்து ஆபீசு கணக்கரான கிராணியிடம் கொண்டுபோவார். கிராணி நின்றபடியே படித்துவிட்டு, "இங்க கையெழுத்து போடு, நாளைக்குக் காலைல ஆபீசு முன்னால நில்லு" என்பார். அப்பா கையெழுத்துப் போடுவார், மறுநாள் போய் நிற்பார். எதற்கு என்று கேட்டதை நான் பார்த்ததில்லை. நான் ஆறாம் படிவம் வரை, பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்பு வரை, படித்தேன். கல்யாணமாகி இந்த லைனுக்கு வந்ததும் எல்லோருடைய கடிதமும் என் மேசைக்கு வந்தது. மின்சாரக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், கிளினிக் கடிதம், மலாயில் வந்தது, ஆங்கிலத்தில் வந்தது. படித்து, செய்ய வேண்டியதைச் சொல்வேன். அவர்கள் செய்வார்கள். ஒருவரிடம்கூட, இதில் சொல்வதைச் செய்யாதீர்கள் என்று நான் சொன்னதில்லை. கடிதத்தைச் சந்தேகப்படலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. படித்தவள் என்று பெயர், அவ்வளவுதான்.

மின்னஞ்சல் ஆங்கிலத்தில் இருந்தது. தலைப்பிலேயே மகிழ்ச்சியான செய்தி என்று போட்டிருந்தார்கள். வாட்ச் செய்த கம்பெனியை அவர்களோடு போட்டி போட்ட இன்னொரு கம்பெனி வாங்கிவிட்டதாம். இனி அந்த வாட்ச் செய்ய மாட்டார்களாம். இன்ன தேதியோடு அதன் சேவைகள் நிற்குமாம். "ஒரு பெரிய குடும்பத்தில் இணைகிறோம்" என்று எழுதியிருந்தார்கள். எதிரியின் வீட்டில் போய்ப் படுத்துச் சாவதற்கு இவர்கள் வைத்த பெயர் குடும்பம். கடைசியில் உங்கள் விவரங்களின் பாதுகாப்புக்காக என்று மூன்று வேலைகள் கொடுத்திருந்தார்கள். ஒன்று, சேர்ந்திருக்கும் பதிவுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, கணக்கிலிருந்து வெளியேறி, வாட்சை முதலில் வாங்கிய நிலைக்கு அழித்துக் கொண்டுவாருங்கள். மூன்று, புதிய கம்பெனியின் பக்கத்தில் போய்ப் பதிந்துகொள்ளுங்கள்.

சாயங்காலம், இருவரும் மலையிலிருந்து இறங்கி எங்கள் வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நான் அதைத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"அண்ணே, ஒங்களுக்கும் வந்திருக்கும். ரெண்டு வாட்சயும் குடுங்க, இப்பவே முடிச்சிடலாம்."

அண்ணன் காலுறையைப் பிழிந்துகொண்டே சிரித்தார். "எனக்கு வர்ற மெயிலெல்லாம் எங்க போகுதுன்னே எனக்குத் தெரியாதும்மா. ஓடுற மாட்ட எதுக்கு லா அடிக்கணும்? அப்புறம் பாப்போம்."

"தேதி போட்டிருக்காங்கண்ணே."

"தேதி போட்டா? அவன் என்ன தொரையா, பெரட்டுக்குப் பேர் கூப்புட?"

பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுக்க நிற்க வைப்பது. அவர் அதற்கே நேரத்துக்குப் போகாதவர். என் கணவர் வாட்சைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். நான் படித்தவள், நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

முதல் வேலையைச் செய்தேன். இரண்டாவதைச் செய்தேன். உண்மையாகவே அழிக்கட்டுமா என்று அது ஒரு தடவை கேட்டது. ஆம் என்று அமுக்கினேன். மூன்றாவது வேலைக்குப் புதிய கம்பெனியின் பக்கத்துக்குப் போனேன். இந்தக் கருவியை நாங்கள் ஆதரிப்பதில்லை என்று ஒரே வரி வந்தது. கீழே அவர்களுடைய புது வாட்சுகளின் படம். திரும்பப் பழைய செயலியில் நுழையப் பார்த்தேன். புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்றது. வாட்சில் ஒரு கைப்பேசியின் படமும், செயலியோடு இணைக்கவும் என்ற எழுத்தும் வந்து நின்றன. இன்றும் அப்படியே நிற்கின்றன. அது மணிகூடக் காட்டுவதில்லை.

புதிய கம்பெனிக்கு எழுதினேன். பிள்ளையின் வலிப்பைப் பற்றி, மெஷின் சத்தத்தைப் பற்றி, ஆங்கில இலக்கணம் சரிபார்த்து, மரியாதையாக எழுதினேன். உங்கள் ஏமாற்றம் எங்களுக்குப் புரிகிறது என்று அரை நிமிடத்தில் பதில் வந்தது. என்ன புரிந்தது உங்களுக்கு என்று கேட்டேன். உங்கள் ஏமாற்றம் எங்களுக்குப் புரிகிறது என்று திரும்பவும் வந்தது. புது வாட்ச் வாங்கினால் விலையில் தள்ளுபடி தருகிறோம் என்றது. ஒரு பொருளை வாங்கிக் கொன்றுவிட்டு, பிணத்தைக் காட்டிச் சவப்பெட்டியில் தள்ளுபடி தருகிறார்கள். இப்படி எழுதுவது எனக்கே அதிகமாகத் தெரிகிறது. ஆனாலும் எழுதியதை அடிக்க மனம் வரவில்லை.

வேறு வாட்ச் வாங்காமலா இருந்தோம்? பிரிஞ்சாங் டவுனில் ஒன்று, திரிங்காப்பில் தெரிந்தவர் கொடுத்த ஒன்று. ஒன்று ஈரத்தில் தொட்டால் திறக்காது. இன்னொன்று கையில் கொசு உட்கார்ந்ததுபோல அதிரும். மெஷின் ஓடும்போது அவருக்கு அது தெரியவே இல்லை. தொழிற்சாலைக்குள் வேலை மாற்றிக் கேட்டார். ஆள் போதும் என்றார்கள். "காய்ச்சல் வந்தா அன்னிக்கு நான் வீட்ல இருந்துக்கிறேன், விடு" என்றார். காய்ச்சல் பெரட்டுக்கு முன்னால் சொல்லிவிட்டா வருகிறது?

ஐந்து வாரம் கழித்து, காலை பத்து மணிக்கு மேல் வந்தது. எழுந்தபோது சளிகூட இல்லை. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் கண்ணை மேலே செருகினாள். பாயில் ஒருக்களித்துப் போட்டு மணி பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் அவரைக் கூப்பிட ஆரம்பித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. நான்கு நிமிடம், ஐந்து, ஆறு. மலையில் மெஷின் ஓடும் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. அதுதான் என்னைப் பைத்தியமாக்கியது. அவர் இருக்கும் இடம் எனக்குக் கேட்கிறது. என் சத்தம் அவருக்குக் கேட்காது. பிள்ளையை விட்டுவிட்டு மேலே ஓடுவதா? தூக்கிக்கொண்டு ஓடுவதா? அந்த நேரத்தில் லைனில் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். பிள்ளையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு மலைக்குப் போகாமல் சாலைக்கு ஓடினேன். கொழுந்து ஏற்றி இறங்கிக்கொண்டிருந்த லோரியின் முன்னால் போய் நின்றுவிட்டேன். ஓட்டிய நேபாளித் தம்பிக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளையின் கையைப் பார்த்தார், கதவைத் திறந்தார். தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், கொழுந்தோடு நேராக டவுனுக்கு ஓட்டினார். அதற்காக அவருக்குக் கிடைத்த திட்டை நான் பிறகு கேள்விப்பட்டேன்.

கியா பார்ம் கடைகளைத் தாண்டும்போது என் மடியில் அவள் உடம்பு தளர்ந்தது. பதினெட்டு நிமிடம். நின்றுவிட்டதா, அல்லது எல்லாமே நின்றுவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் மூக்கில் விரலை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரி வரை போனேன்.

மதியத்துக்கு மேல் என் கணவரும் அண்ணனும் வந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில்தான் என் கணவர் கைப்பேசியை எடுத்துப் பார்த்திருக்கிறார். பிள்ளை அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டில் பக்கத்தில் நாங்கள் மூவரும் நின்றிருந்தபோது, என் முகத்துக்கு நேராக அண்ணனின் மணிக்கட்டு விர்ர் என்று துடித்தது. அவர் சாதாரணமாகத் திருப்பிப் பார்த்தார்.

"வூட்டுக்காரி. பாப்பா எப்புடி இருக்குன்னு கேக்குது" என்றார்.

"அண்ணே... ஒங்க வாட்ச் வேல செய்யுதா?"

"ஏன்மா, செய்யாம?"

"அஞ்சு வாரமாவா?"

"நான் எங்க அத நோண்டுனேன்? அது பாட்டுக்கு ஓடுது."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். தினமும் மெஷினின் மறுமுனையில் அந்தக் கை இருக்கிறது. இவருக்குத் தெரியாமல் இருக்குமா?

"சொன்னா நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான்..." என்றார்.

என் மனசு கஷ்டப்படக் கூடாது என்று பிள்ளையைப் பதினெட்டு நிமிடம் விட்டுவிட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அண்ணனின் எண்ணுக்கு "பாப்பா" என்று அனுப்பியிருப்பேன். கம்பெனியை நான் வெறுக்கிறேன், அது வேறு. இவரை அந்த நிமிடம் வெறுத்தது இன்னும் முழுதாக ஆறவில்லை. அவரைச் சொல்கிறேனே, அதை அழித்த விரல் என்னுடையதுதானே? மின்னஞ்சலைத் திறந்தே பார்க்காதவரின் வாட்ச் ஓடுகிறது. வரி விடாமல் படித்து, சொன்னபடி செய்தவளின் வாட்ச் சோப்புக் கட்டியாகிவிட்டது.

பிள்ளை இரண்டு நாளில் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் அவரே வந்து வாட்சைக் கழற்றி நீட்டினார். "இந்தா மச்சான், நீ கட்டிக்க." முடியாது என்று நான்தான் சொன்னேன். கம்பெனி செத்தாலும், ஏற்கெனவே இணைந்த வாட்ச் அவருடைய கைப்பேசியோடு மட்டும் நேராகப் பேசும். வேறு கைப்பேசியில் இணைக்க வேண்டுமென்றால் அழிக்க வேண்டும். அழித்தால் அதுவும் போய்விடும். அதனால் ஓர் ஏற்பாடு செய்தோம். வலிப்பு வந்தால் நான் அண்ணனுக்கு அனுப்புவது, அவர் மெஷினை நிறுத்துவது, என் கணவர் இறங்கி ஓடி வருவது. ஒருமுறை அது வேலை செய்தது. அவர் வந்து சேர்ந்தபோது நான்கு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு நம்பிக்கை வரவில்லை. செத்துப்போன கம்பெனியின் வாட்ச், இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது என்று யார் சொல்வது? காலையில் அவர்கள் மலை ஏறியதும் ஒரு சோதனைச் செய்தி அனுப்ப ஆரம்பித்தேன். வந்தது என்று அண்ணன் ஒரு பொத்தானை அமுக்கிப் பதில் அனுப்புவார். பிறகு பத்து மணிக்கும் ஒன்று. பிள்ளை உடம்பு கொஞ்சம் சூடாக இருந்தால் மதியம் ஒன்று. மழை பெய்தால் ஒன்று. ஒவ்வொரு தடவையும் மெஷின் நின்றது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கீழிருந்து கையை ஆட்டிக் கத்தினாராம். என் கணவர் வீட்டுக்கு வந்து, "கொஞ்சம் கொறச்சிக்க" என்றார். குறைத்துக்கொள்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அக்கா, அதாவது அண்ணனின் மனைவி, கியா பார்மில் ஒரு காய்கறிக் கடையில் வேலை செய்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் கைப்பேசி அவர் கையில் இருந்திருக்கிறது. வரிசையாக என் பெயர். நான் வாசல் குழாயில் பிள்ளையின் துணியை அலசிக்கொண்டிருந்தபோது கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"டீச்சரம்மா. இது என்னான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா? கடுதாசி படிக்கிறதுல நீங்கதான பெரிய ஆளு."

"அக்கா, அது பாப்பாவுக்காக—"

"பாப்பாவுக்கு நாளைக்கு நாலு தடவயா வலிப்பு வருது? ஏழு பத்துக்கு ஒன்னு. பத்துக்கு ஒன்னு. மழ வந்தா ஒன்னு. எம்புருசன் கையில ஒன் வெரல வச்சி அமுக்கிக்கிட்டே இருக்குறியா?"

"வேல செய்யுதான்னு பாக்கத்தான்க்கா."

"ஒன் வூட்டுக்காரர் கையில பாரு. அங்கதான் பாக்கணும். ஓ, அது செத்துப்போச்சில்ல? நீதானே படிச்சுப் படிச்சு அதக் கொன்ன!"

இரண்டு வீட்டுக் கதவுகள் திறந்தன. யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. என்ன சொல்லக் கூடாதோ அதைச் சொன்னேன்.

"ஒங்களுக்கு ஒரு புள்ள இருந்திருந்தா தெரியும்க்கா."

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அதை நான் தெரிந்துதான் சொன்னேன். தெரியாமல் வாயில் வந்துவிட்டது என்று எழுத முடியும். அது பொய். அவர் கைப்பேசியைத் தோளில் கிடந்த துண்டில் துடைத்தார், ஏதோ அழுக்குப் பட்டதுபோல.

"இனிமே எம்புருசன் கைக்கு எதாச்சும் வந்துச்சு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார்.

அன்று மாலை என் கணவர், "இனி அனுப்பாதே, எனக்கு மானம் போவுது" என்றார். அப்படியானால் மகளுக்கு வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் காரைத் துடைக்கப் போய்விட்டார். மறுநாள் அண்ணன் பெரட்டுக்குப் போகும் வழியில் வாசலில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு, "நெசமா வந்தா மட்டும் அனுப்பும்மா. நான் பாத்துக்கிறேன்" என்றார். சோதனைச் செய்திகளை அன்றோடு விட்டுவிட்டேன். அதனால் வாட்ச் இன்று ஓடுகிறதா என்பது எனக்குத் தெரியாது. தினமும் காலையில் அது தெரியாமலேதான் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். இடையில் ஒருமுறை உண்மையாகவே அனுப்ப வேண்டி வந்தது. அண்ணன் மெஷினை நிறுத்தினார், என் கணவர் வந்தார். அதற்காக அக்கா மூன்று நாள் அண்ணனுக்குச் சோறு போடவில்லை என்று லைனில் பேசிக்கொண்டார்கள். அக்காவுக்கு வரும் கடிதங்கள் இப்போது என் மேசைக்கு வருவதில்லை. கம்போங் ராஜாவில் ஒரு கடைக்காரரிடம் கொண்டுபோய்ப் படிக்கக் கொடுக்கிறார்.

இப்போது வந்திருப்பது வேறு. போன வாரம், நான் கேட்க வேண்டும் என்றே பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அக்கா உரக்கச் சொன்னார்: "தீவாளிக்கு அவருக்குப் புது போன் எடுக்கப் போறேன். இந்தக் கருமம் புடிச்ச பழசத் தூக்கிப் போட்டுட்டு நம்பரயும் மாத்தி வுட்டுட்டா நிம்மதி."

எண்ணை மாற்றினால் நான் செய்தி அனுப்ப முடியாது என்று அவர் நினைக்கிறார். அது பெரிய விஷயமில்லை, அண்ணன் புது எண்ணைக் கொடுத்துவிடுவார். அக்காவுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அந்தச் செயலி இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. பழைய கைப்பேசியில் இருப்பதுதான் கடைசி. அது கையை விட்டுப் போன அன்றே அண்ணனின் வாட்சும் மணி காட்டாத சோப்புக் கட்டியாகிவிடும். என் வீட்டிலிருந்து மலைக்குப் போகும் ஒரே வழியும் அதோடு அடைந்துவிடும்.

அக்காவிடம் போய் இதைச் சொல்வதா? சொன்னால், என்னை எங்கே அடிக்கலாம் என்று நானே இடத்தைக் காட்டிக் கொடுத்ததாக ஆகும். தீபாவளி வரைகூடக் காத்திருக்க மாட்டார். "சொல்லாதே, தெரிஞ்சா நாளைக்கே போன் வந்துரும்" என்கிறார் என் கணவர். சொல்லாமல் இருந்தால், எப்படியும் தீபாவளிக்குப் புது போன் வரப்போகிறது. அக்காவுக்கே தெரியாமல் காரியம் நடந்துவிடும். பிறகு பிள்ளைக்கு ஏதாவது ஆனால், "எனக்கு ஒரு வார்த்த சொன்னியாடி?" என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வியாக இருக்கும். அண்ணனிடம் மட்டும் சொல்லலாம் என்றால், அவர் வாயில் எதுவும் அரை நாள் தங்காது. புது போன் வந்தாலும் பழையதையும் வைத்துக்கொள்ளட்டுமா என்று அவரை அக்காவிடம் கேட்கச் சொல்லலாம். ஏன் என்று அக்கா கேட்பார். அதற்கு அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது.

நான் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரிகிறது. நான் சொன்ன சொல்லுக்கு எப்போதோ கேட்டிருக்க வேண்டும். ஆனால் இப்போது கேட்டால் அது வாட்சுக்காகக் கேட்டதாக இருக்கும். அவருக்கும் அப்படித்தான் தெரியும். நானும் இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. வாசல் குழாயடியில் அவர் என்னைக் கேட்ட கேள்வியும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் மலையில், ரப்பர் காட்டில், செம்பனைத் தோட்டத்தில் கணவரை வேலைக்கு அனுப்பிவிட்டு, நோய்ப் பிள்ளையோடு வீட்டில் இருப்பவர்கள் இருக்கலாம். லைன் வீட்டில் ஒரு சண்டை எத்தனை வருஷம் போகும் என்று தெரிந்தவர்களும் இருப்பீர்கள். லைசென்ஸ் எடு, பொறுமையாக இரு, சாமியைக் கும்பிடு என்பதையெல்லாம் தயவுசெய்து எழுதாதீர்கள். எல்லாம் கேட்டாயிற்று. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். தீபாவளிக்கு முன்னால் நான் அக்காவின் வாசலுக்குப் போய் அந்தக் கைப்பேசியைப் பற்றிய உண்மையைச் சொல்ல வேண்டுமா, கூடாதா? சொல்ல வேண்டும் என்பவர்கள், நான் வாயைத் திறந்தால் முதல் வார்த்தை என்னவாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.